வெங்காயச் சூப்பில் என்ன இருக்கப் போகிறது

என் மனிசனுடைய அக்கா, அதாவது என் மச்சாள், வெளியில் எங்கே போனாலும் கைப்பைக்குள் ஒரு சில்வர் டம்ளரும் ஒரு கரண்டியும் கொண்டு போவார். இரண்டும் வெள்ளைக் கைலேஞ்சித் துணியில் சுற்றியிருக்கும். கல்யாண வீடோ, கோயில் அன்னதானமோ, ஆஸ்பத்திரியோ, அடுத்தவர் வாய் வைத்த கரண்டி அவருக்கு ஆகாது. இளம் வயதிலேயே சிவதீட்சை எடுத்தவர். மீன், இறைச்சி, முட்டை மூன்றும் அவர் வீட்டு வாசற்படி தாண்டியதில்லை. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒருவர் என்ன சாப்பிடுகிறார் என்பது அவருடைய வயிற்றுப் பாடு. என் வயிற்றையும் சேர்த்து அவர் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தால் எங்களுக்கு மாட்டிறைச்சிக் கறி. அதை நாங்கள் பாவம் என்றும் நினைத்ததில்லை, வீரம் என்றும் நினைத்ததில்லை. கோட்டையில் நான் வேலை செய்த கந்தோரில் யாழ்ப்பாணத்துச் சைவப் பெடியன் ஒருவர் இருந்தார். கட்டினால் என்னைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார். கட்டினோம். வெள்ளவத்தைக்கு வந்த நாளிலிருந்து என் அடுப்பில் மாட்டிறைச்சி ஏறவில்லை. யாரும் சொல்லி அல்ல, நானாகத்தான் விட்டேன்.

விடாதவர் என் மனிசன்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு என்னையும் இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு வந்து, என் அம்மா வைத்த கறியில் எலும்பைத் தேடி எடுத்து உறிஞ்சுவார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கராம்பு மென்றுகொண்டே வருவார், அக்கா மணத்தைப் பிடித்துவிடுவா என்று. கராம்பு மணந்தாலே அக்காவுக்கு விளங்கிவிடும் என்பது அந்த மனிசனுக்குக் கடைசி வரைக்கும் விளங்கவில்லை.

மச்சாள் எங்கள் வீட்டுக்கு வராமல் இல்லை. இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் அவர் வீடு. வருவார், கதிரையின் நுனியில் இருப்பார். தண்ணீர் கொடுத்தால், "இப்பதான் குடிச்சுப்போட்டு வந்தனான்" என்பார். இருபது வருடத்துக்கு மேலாக அந்த மனுசி இப்போதுதான் குடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார். நானும் சிரித்துக்கொண்டு தண்ணீரைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைப்பேன். என் மனிசன் அந்தத் தண்ணீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு எனக்குக் கண்ணைச் சிமிட்டுவார். அவர் இருந்த வரைக்கும் அது எங்களுக்கு ஒரு பகிடியாக இருந்தது.

அவர் போனார். மாரடைப்பு. அது பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை, அதனால் விடுகிறேன். முப்பத்தோராம் நாள் நடந்ததை மட்டும் விடமாட்டேன்.

அன்றைக்கு அந்தியேட்டி. படையல் மச்சாளின் வீட்டில்தான் என்று முடிவாகியிருந்தது. "அப்பா அம்மா இருந்த வீடு, அவன் பிறந்து வளர்ந்த சனம் எல்லாம் இஞ்சதான் வரும்" என்றார். சரி என்றேன். ஆனால் ஒரு கறியாவது என் கையால் போக வேண்டும் என்று மனம் கேட்டது. விடியத் தலைமுழுகி, கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு வைத்தேன். அது இருந்தால் என் மனிசனுக்கு வேறு கறி வேண்டாம். சுத்த மரக்கறி. ஒரு பாத்திரத்தில் ஊற்றி, சேலைத் தலைப்பால் மூடிக் கொண்டுபோய், இலையில் சோற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

மச்சாள் வந்தார். பாத்திரத்தை இரண்டு விரலால் தூக்கினார். சபை நிறையச் சனம் இருக்க, நடுவால் நடந்து பின்பக்கம் போனார். குழம்பைச் சாக்கடைக் கானுக்குள் ஊற்றிவிட்டுப் பைப்பைத் திறந்துவிடும் சத்தம் முன் விறாந்தை வரைக்கும் கேட்டது. திரும்பி வந்து எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னார்.

"குறை நினையாதையும். உம்மட வீட்டுச் சட்டி என்னென்ன கண்டதோ. என்ர தம்பி சாப்பிடுறது சுத்தமா இருக்கட்டும்."

சனம் முழுக்க மின்விசிறியைப் பார்த்தது. நான் சுவரோடு இருந்தேன். அன்றைக்கு அழுதிருந்தால் ஆறிப் போயிருக்கும். அழவில்லை. உறை ஊற்றின பால் மாதிரி அது உள்ளே இறுகிவிட்டது. அதற்குப் பிறகு வந்த திவசங்களுக்கு விருந்தாளி போல வெறுங்கையோடு போனேன். அங்கே சமைத்தவர்கள் யார் யாரோ. கட்டின பெண்சாதிக்கு ஒரு கதிரை.

எனக்கு அந்த மனுசியிடம் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். நான் சமைத்த ஒன்று என் மனிசனுடைய இலையில் இருக்க வேண்டும், யாரும் அதைத் தூக்கக் கூடாது. அது நடக்கும் வரைக்கும் அவருக்கு ஒரு நல்லதும் நினைப்பதில்லை என்று முடிவெடுத்தேன். மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தும்போதுகூட அவருடைய பெயரைக் கவனமாக விட்டுவிட்டுத்தான் செபித்தேன்.

மச்சாளுக்கு ஒரே மகன், எனக்கு மருமகன் முறை. மெல்பேர்னில் கம்ப்யூட்டர் வேலை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லாததால் என் மனிசனுக்குக் கொள்ளி வைத்தவனும் அவன்தான், திவசம் செய்கிறவனும் அவன்தான். நல்ல பிள்ளை. அனேகமான நல்ல பிள்ளைகள் போல, வீட்டுக்குள் நடக்கிற சண்டை ஒன்றும் தெரியாத மாதிரி இருக்கப் பழகியவன். இந்த முறை அவன் லீவில் வந்தபோது தாயின் பிறந்தநாளும் மாமாவின் திவசமும் கிட்டக் கிட்ட வந்தன. பிறந்தநாளுக்கு எங்களை வெளியில் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன் என்றான். எங்கே என்று கேட்டால், கொழும்பு ஏழில் ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோரன்ட்.

பாலப்பம் கூட வெளியில் வாங்கிச் சாப்பிடாத மனுசிக்குப் பிரெஞ்சுச் சாப்பாடு. மகன் கூப்பிட்டதால் மறுக்க முடியவில்லை. "நான் சும்மா வந்து இருக்கிறன்" என்றார். பழி வாங்கும் எண்ணத்தோடு நான் அங்கே போகவில்லை. தாரா வாத்து இறைச்சி சாப்பிடலாம் என்றுதான் போனேன்.

பெரிய மரங்கள் நிற்கிற ஒழுங்கையில் பழைய பங்களா ஒன்று. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியில் வெயில் கொளுத்த, உள்ளே மரச்சட்ட யன்னல்களைப் பாதி சாத்தி, மேசைக்கு மேசை மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார்கள். எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். கோயிலில்கூட எங்கள் சனம் அவ்வளவு மெதுவாகக் கதைத்து நான் கண்டதில்லை. மேசை விரிப்பு கஞ்சி போட்டு, தட்டினால் சத்தம் வரும் போல இருந்தது. தட்டின் இரண்டு பக்கமும் முள்ளுக்கரண்டிகளும் கத்திகளும் பல் டொக்டரின் மேசை போல வரிசையாகக் கிடந்தன.

கறுப்பு வேஸ்ட்கோட் போட்ட, தலை நரைத்த பரிமாறுபவர் ஒருவர் வந்து மச்சாளுக்குக் கதிரையை இழுத்துவிட்டார். துவாயை விரித்து மடியில் போட வந்தபோது மச்சாள் மின்சாரம் பட்டது போல ஒதுங்கினார். பிறகு கைலேஞ்சியை அவிழ்த்து டம்ளரை எடுத்து வைத்தார், கரண்டியை எடுத்து வைத்தார், கொதித்தாறிய தண்ணீர்ப் போத்தலையும் எடுத்து வைத்தார். பரிமாறுபவரின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. தங்கள் கரண்டியை எடுத்துக்கொண்டு, அவருடைய கரண்டிக்கு மரியாதையாக இடம் விட்டார். எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப் போனது.

மச்சாள் என் சேலையைப் பார்த்தார். மாம்பழ மஞ்சள், பச்சைக் கரை.

"நல்லா எடுப்பா இருக்கு, என்ன? நான் எண்டால் தம்பி போனதுக்குப் பிறகு உந்த நிறங்களே எடுக்கிறேல்லை."

"உங்களுக்கு உது பொருந்தாது மச்சாள்" என்றேன். மருமகன் அவசரமாக மெனுவைத் திறந்தான்.

அவன் தனக்கும் எனக்கும் சொல்லிவிட்டு, "அம்மாவுக்கு வெஜிடேரியன்" என்றான். பரிமாறுபவர் ஏதோ காட்டித் தொடங்கினார். மச்சாள் கையைக் காட்டி நிறுத்தினார். அடுத்தவர் சொல்லைக் கேட்டுச் சாப்பிடுகிற ஆள் அவர் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வரி வரியாக வாசித்தார். ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

"இது வெங்காயச் சூப். இதில என்ன இருக்கப் போகுது? வெங்காயம்தானே. இதைக் கேள் ராசா."

பிறகு விசாரணை தொடங்கியது. மகன் மொழிபெயர்த்தான். முட்டை போட்டதோ? இல்லை. மீன்? இல்லை. இறைச்சித் துண்டு ஏதும் கிடக்குமோ? துண்டு ஒன்றும் கிடக்காது. இறைச்சி கிண்டின அகப்பையால் இதைக் கிண்டுவாங்களோ? இல்லை, இதற்குத் தனி அகப்பை. எதில் வதக்கிறது? பட்டரில். மேலே உருகிக் கிடக்கிறது என்ன? சீஸ். "சீஸ் எண்டால் பால்தானே" என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொன்னார். பரிமாறுபவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்து மேசையில் திரும்பிப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். வெட்கப்பட்ட மருமகன், "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்று அந்த மனிதரை அனுப்பிவிட்டான்.

எங்கள் சனத்தின் ஆசாரம் அப்படித்தான். சட்டியைக் கேட்கும், அகப்பையைக் கேட்கும், எண்ணெயைக் கேட்கும், சமைத்தவர் குளித்தாரா என்று கேட்கும். தண்ணீரை மட்டும் கேட்காது. ரசம் வைத்தாலும் சொதி வைத்தாலும் தண்ணீர் பைப்பில் வருகிறது, அதில் கேட்க என்ன இருக்கிறது? ஒரு சமையலில் தண்ணீரே முதலில் சமைக்கப்பட்டிருக்கும் என்பது மச்சாளின் கனவிலும் வராது. நேர்மையாகச் சொன்னால், அந்த நேரத்தில் எனக்கும் வரவில்லை.

நான் கை கழுவப் போனேன். திரும்பி வரும்போது பரிமாறுபவர் நடையில் எனக்காக நின்றார். சிங்களத்தில், மிகவும் பணிவாக, ஒரு விசயம் கேட்கலாமா நோனா என்றார். அந்தப் பெரிய நோனா முழு மரக்கறியா என்று கேட்டார். ஏன் என்றேன். அந்தச் சூப்பில் இறைச்சித் துண்டு இல்லைதான், ஆனால் அதன் தண்ணீர் மாட்டெலும்பை நாள் முழுக்க அவித்து எடுத்த தண்ணீர், பழைய முறை அதுதான், வேறு தண்ணீரில் எங்கள் குசினியில் செய்வதில்லை என்றார். சேர் கேட்க நிற்கவில்லை, அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், உருளைக்கிழங்கும் லீக்ஸும் போட்டுப் பாலில் செய்த இன்னொரு சூப் இருக்கிறது, மாற்றட்டுமா?

ஒரு வார்த்தை போதும். "மாத்துங்கோ" என்றால் முடிந்தது. அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கேட்டது பைப்பைத் திறந்துவிட்ட சத்தம்தான். என் குழம்பு கானால் ஓடுகிற சத்தம்.

வேண்டாம் என்றேன். துண்டு இல்லாவிட்டால் அவவுக்குப் பரவாயில்லை, தண்ணீர் ஒன்றும் செய்யாது, அதையே கொண்டு வாருங்கள் அண்ணே என்றேன். அவ்வளவு திருத்தமான சிங்களம் என் வாயில் அதற்கு முன் வந்ததில்லை.

சூப் வந்தது. தடித்த மண்ணிறக் கிண்ணம், மேலே வாட்டிய பாண் துண்டு, அதன் மேலே சீஸ் பொன்னிறமாகப் பொரிந்து ஓரத்தால் வழிந்திருந்தது. மச்சாள் தன் கரண்டியால் மேல் தட்டைக் குத்திப் பார்த்தார். ஆவி வந்தது. மணந்து பார்த்தார். என் மனிசனின் வாயில் கராம்பு மணத்தையே பிடித்த அந்த மூக்கு, மாட்டெலும்பைப் பிடிக்கவில்லை. ஒரு வாய் குடித்தார். கரண்டி நின்றது. பிறகு இன்னொரு வாய்.

"ராசா, இது என்ன வெங்காயமடா? எங்கட வெங்காயம் இப்படி இனிக்காதே."

"நல்லா இருக்கோ அம்மா?"

"நல்லா இருக்கோவோ! வாயில வைக்கக் கரையுது. பார், சுத்தமான சாப்பாட்டுக்கு ஒரு ருசி தனி. உங்கட இறைச்சி மீனில இது வருமோ?" கடைசிக் கேள்வியை என் தாராவைப் பார்த்துக் கேட்டார்.

"வராது மச்சாள்" என்றேன். "வரவே வராது."

தாரா எனக்கு முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. எனக்குப் பசியில்லை. அந்த மனுசியின் தொண்டைக்குள் இறங்கிய ஒவ்வொரு வாயும் என் வயிற்றை நிரப்பியது. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். பூமி யாருக்கு வேண்டும்? எனக்கு அந்த மேசை போதும். கிண்ணத்தின் அடியைப் பாணால் துடைத்துச் சாப்பிட்டார். பிறகு, யாரும் எதிர்பாராமல், இன்னொன்று கிடைக்குமோ என்று மகனைக் கேட்டார். கிடைத்தது. அதையும் தன் சொந்தக் கரண்டியால், தன் சொந்த ஆசாரத்தோடு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தார். நான் வைன் கிளாசைத் தூக்கி அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னேன். மனதார.

அதோடு முடிந்திருக்க வேண்டும். வயிறு நிறைந்த மச்சாள் கண் கலங்கினார்.

"தம்பி இருந்திருக்க வேணும். அவனுக்குச் சூப் எண்டால் உயிர். சின்னனில காய்ச்சல் வந்தாலும் சூப்புத்தான் கேட்பான்."

அது உண்மை. நானும் துவாயால் கண்ணைத் துடைத்தேன், அது எனக்குப் பிடிக்கவில்லை. பழி வாங்குகிற நேரத்தில் எதிரியோடு சேர்ந்து அழுவதைப் போல ஒரு தொல்லை வேறில்லை. மருமகன் இரண்டு பேரையும் பார்த்தான்.

"மாமி, உங்களுக்கு இது செய்யத் தெரியும்தானே? மாமாட திவசத்துக்குச் செய்து படைப்பமே" என்றான்.

மச்சாள் டம்ளரைத் துடைத்தார், கரண்டியைத் துடைத்தார், கைலேஞ்சியில் சுற்றினார். கைப்பையை மூடிவிட்டுத்தான் பதில் வந்தது.

"செய்யட்டும். ஆனா என்ர குசினியில, என்ர சட்டியில. தலைமுழுகிப்போட்டு வரட்டும்."

அவர்கள் பக்கத்தில் திவசச் சமையலுக்கு வெங்காயம் விலக்கு இல்லை. ஆகவே அவருக்கு வேறு சாட்டும் கிடைக்கவில்லை.

அடுத்த கிழமை கொட்டாஞ்சேனைச் சந்தைக்குப் போனேன். வெங்காயம் வாங்கப் போவதாகத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கால் மாட்டிறைச்சிக் கடைக்கு முன்னால் போய் நின்றது. எலும்பை வீட்டில் அவித்து வடித்துப் போத்தலில் ஊற்றிக்கொண்டு போனால் எந்த மூக்குக்குத் தெரியும்? அன்றைக்கு ஒரு மேசையில் நடந்தது, இனி அவருடைய வீட்டிலேயே, அவருடைய சட்டியிலேயே. "எத்தனை கிலோ?" என்று கடைக்காரர் கேட்டார். சந்தோசத்தோடு கைப்பைக்குள் காசைத் தேடினேன்.

ஆனாலும் திரும்பினேன். மச்சாள் மேல் இரக்கம் வந்து அல்ல. அவர் இன்னும் பத்துக் கிண்ணம் குடித்திருந்தாலும் எனக்கு நல்ல நித்திரை வரும். இது இலைக்குப் போகிற சாப்பாடு. என் மனிசன் இருந்தால் எலும்பைப் போடு என்றுதான் சொல்லியிருப்பார், அது வேறு கதை. ஆனால் எத்தனையோ நாள் காத்திருந்து எனக்கு ஒரு கிண்ணம் கிடைக்கப் போகிறது. அதில் ஒருவரும் ஒரு குற்றமும் பிடிக்க முடியாதபடி அது இருக்க வேண்டும். பெரிய வெங்காயமும் கரட்டும் செலரியும் லீக்ஸும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

திவசத்தன்று விடிய முழுகி, ஈரத் தலையோடு மச்சாளின் குசினிக்குள் போனேன். அந்த வீட்டுக்கு மருமகளாகி அவ்வளவு காலத்துக்குப் பிறகு முதன்முதலாக அந்த அடுப்பைத் தொட்டேன். மச்சாள் வாசலில் நின்று ஒவ்வொன்றையும் பார்த்தார். கரட், லீக்ஸ், செலரியைப் போட்டுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து வடித்தேன். வெங்காயத்தை நெய்யில் போட்டு, அடுப்பைத் தணித்து, நிறம் மாறி மாறிக் கறுத்த பொன்னாகும் வரைக்கும் கிண்டினேன். கண் எரிந்தது. வெங்காயம்தான் என்று மச்சாள் நினைத்திருப்பார்.

ஐயர் வந்து கிரியை முடித்துத் தட்சணை வாங்கிக்கொண்டு போனார். படத்துக்கு முன்னால் இலை போட்டோம். சோறு, பருப்பு, கறிகள், வடை, பாயசம். கடைசியாக என் சூப், ஒரு சின்னக் கிண்ணத்தில், மேலே நெய்யில் பொரித்த பாண் துண்டோடு. நான்தான் கொண்டுபோய் வைத்தேன். யாரும் தூக்கவில்லை. மருமகன் கர்ப்பூரம் கொளுத்தினான். என் மனிசன் படத்திலிருந்து தன் வழக்கமான பாதிச் சிரிப்போடு பார்த்தார்.

எனக்கு இனி இவர்களிடம் ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அந்த ரெஸ்ரோரன்ட் சூப்பின் ரகசியத்தை என்னோடு சேமக்காலைக் குழிக்கே கொண்டுபோய்விடலாம், மச்சாளும் ஒன்றும் தெரியாமல் நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று மனம் இறங்கிவிட்டது. அந்தளவுக்கு நிறைவாக இருந்தது.

வந்த சொந்தக்காரர்களுக்கு இலை போட முன்னர் மச்சாள் ஒரு கோப்பை சூப் வார்த்துக்கொண்டு கதிரையில் இருந்தார். தன் கரண்டியால் ஒரு வாய் குடித்தார். முகம் சுருங்கியது. இன்னொரு வாய்.

"அண்டைக்குக் குடிச்ச மாதிரி இல்லையே."

"கொஞ்சம் வித்தியாசம் இருக்கும் மச்சாள்."

"கொஞ்சமோ? இது வெங்காயம் அவிச்ச தண்ணி. ஏதோ குறையுது." கோப்பையைப் பக்கத்தில் வைத்தார். குரல் உயர்ந்தது. விறாந்தையில் இருந்த சனம் கதையை நிறுத்தியது. "அவங்கள் எவ்வளவு பக்குவமா, எவ்வளவு சுத்தமாச் செய்தவங்கள்! உதுக்கெல்லாம் ஒரு கை வேணும். உமக்கு வராது. என்னில பிழை, நான் அண்டைக்கு ஓம் எண்டிருக்கக் கூடாது."

எழும்பினார். நேரே படத்தடிக்குப் போனார்.

"இதைப் போய் என்ர தம்பிக்கு வைக்கிறதே. நான் எடுக்கிறன்."

குனிந்து கிண்ணத்துக்குக் கை நீட்டினார். நான் எப்படி அங்கே போனேன் என்று எனக்குத் தெரியாது. அவருடைய மணிக்கட்டு என் கைக்குள் இருந்தது. மெலிந்த மணிக்கட்டு. நான் சத்தம் போடவில்லை.

"மச்சாள், இதில என்ன குறையுது எண்டு நான் சொல்லட்டோ? மாட்டெலும்பு. அண்டைக்கு நீங்கள் ரெண்டு கிண்ணம் குடிச்சது மாட்டெலும்பு அவிச்ச தண்ணி. இதுதான் சுத்த மரக்கறி."

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் பாவம், முகம் வெளிறி, "அம்மா, எனக்குத் தெரியாது" என்றான். சொல்ல வாயெடுத்தபோது தான் அனுப்பிவிட்ட அந்தப் பரிமாறுபவரின் நினைவு அவனுக்கு அப்போது வந்திருக்க வேண்டும்.

"உமக்கு... உமக்கு எப்ப தெரியும்?"

"நீங்கள் குடிக்க முன்னமே தெரியும். சூப்பை மாத்தவோ எண்டு அந்தாள் என்னட்டைக் கேட்டது. நான்தான் வேண்டாம் எண்டனான்."

நான் அவருடைய மணிக்கட்டை விட்டேன். இனி அவர் கிண்ணத்தைத் தூக்கலாம், ஊற்றலாம், தடுக்க எனக்கும் பலமில்லை. மச்சாள் தூக்கவில்லை. நீட்டிய தன் கையை ஒருமுறை பார்த்தார். பிறகு அதைச் சேலைக்குள் ஒளித்துக்கொண்டு, இலையில் தன் சேலைகூடப் படாதபடி, பின்னாலே பின்னாலே நடந்து போனார். குளியலறைக் கதவு சாத்தியது. தண்ணீர் விழத் தொடங்கியது.

பாவம் என்று யாராவது எனக்குச் சொல்ல வந்தால் வரட்டும். எனக்கு ஒரு துளி கவலையும் இல்லை. நான் இலைக்கு முன்னால் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தேன், என் மனிசன் ஆறுதலாகக் குடிக்கட்டும் என்று.